படியெடுத்தலும் பாடங்கேட்டலும்

சென்ற ஆண்டு இராப்பத்து நடந்துகொண்டிருந்த நாள்களில் ஒரு காலை, எனக்கு முதுகலையில் பாடஞ்சொன்ன பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. பணிநிறைவுக்குப் பின் திருவரங்கத்தில் உத்தர வீதியொன்றில் வாழ்ந்துவருபவர் அவர். எழுதியிருந்தது ஒன்றரை வரிதான்: "இது திறக்கமாட்டேன் என்கிறதப்பா. நேரம் இருக்கும்போது என்னவென்று பார்." இணைப்பாகச் 'சொல்லடைவு' என்னும் பெயரில் ஓர் உரைக்கோப்பு. திறந்தேன். முதலில் எம், இசட் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். அவற்றின் பின்னே கட்டங்களும் கோடுகளும் பொருளற்ற குறிகளுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது.

அந்த இரண்டு எழுத்துகளைக் கண்டதுமே இது உரை அன்று, வேடம் மாறி வந்த நிரல் என்பது புரிந்துவிட்டது. விண்டோசில் இயங்கும் எக்ஸி கோப்பு ஒவ்வொன்றும் அவ்வெழுத்துகளோடுதான் தொடங்கும். டாஸ் இயக்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. நம் ஏட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி போலக் கோப்பின் தலைப்பில் அவர் பெயர் நிற்கிறது. மேலே ஒட்டிய பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே எழுதிய பெயர் மாறுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நடந்தது இதுதான். பேராசிரியர் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துக்கு ஒரு சொல்லடைவு உருவாக்கி வந்தார். பாசுரங்களில் வரும் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது, உரையாசிரியர்கள் அதற்கு எவ்வெவ்விடத்தில் என்னென்ன பொருள் கொண்டார்கள் என்னும் குறிப்புகளோடு கூடியது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு. அதற்கான நிரலை 2005இல் அவருடைய மாணவர் ஒருவர் விஷுவல் பேசிக் 6இல் எழுதிக்கொடுத்தார். அன்று முதல் அந்த ஒரே பழைய கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தது. அக்கணினி மூச்சை நிறுத்தியது. திருச்சியில் ஒரு கடைக்காரர் வன்தட்டிலிருந்து 'தேவையான' கோப்புறையை மட்டும் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொடுத்தார். புதிய மடிக்கணினியில் அது திறக்கவில்லை. எனக்கு அனுப்ப முயன்றபோது மின்னஞ்சல் சேவை எக்ஸி கோப்பை ஏற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன், "பின்னொட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள் தாத்தா, போய்விடும்" என்று வழி சொல்ல, அவ்வாறே அனுப்பிவிட்டார்.

தொகுத்து முடித்த நிரல் ஒன்று, பெயர் மாறியதும் கைம்மாறியதும் ஏன் ஊமையாகிறது? கணினி அறிவியலார் இதை அரைமணி நேர வேலையாக எண்ணக்கூடும். தமிழ் படித்த எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. அந்த இரண்டு நாள்களில் நான் கண்டது மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

*

முதலில் பின்னொட்டு. கோப்பின் பெயரைப் பகுபதமாகக் கொண்டால், புள்ளிக்கு முன்னுள்ளது பகுதி, பின்னுள்ளது விகுதி. வினை எவ்வாறு முடிகிறது என்பதை விகுதி காட்டுவது போல, கோப்பை எதைக்கொண்டு திறப்பது என்பதைப் பின்னொட்டைப் பார்த்தே விண்டோசு முடிவு செய்கிறது. அந்த விண்டோசே, இயல்பான அமைப்பில், அறிந்த பின்னொட்டுகளை நம் கண்ணுக்கு மறைத்தும் வைக்கிறது. ஆகவே 'சொல்லடைவு.எக்ஸி' என்று நாம் திருத்தி எழுதினாலும், மறைந்திருக்கும் விகுதி தன் இடத்திலேயே இருந்து 'சொல்லடைவு.எக்ஸி.டெக்ஸ்ட்' என்று நிற்கும். மாற்றிவிட்டோம் என்று நாம் நம்புவோம், ஒன்றும் மாறியிராது. பின்னொட்டுகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்வது முதல் வேலை.

மின்னஞ்சல் சேவைகள் எக்ஸியை மறுப்பதிலும் நியாயம் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தைச் சுற்றிவந்த 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதல் கடிதம் என்னும் உரைக்கோப்பாக வேடமிட்டு, உண்மையான பின்னொட்டை இந்த மறைப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டுதான் வந்தது. பேராசிரியருடைய மின்னஞ்சலும் அதே வேடத்தில்தான் வந்தது. அனுப்பியவர் யார் என்பது தெரிந்ததால் மட்டுமே நான் மேலே சென்றேன். அப்போதும், நச்சுநிரல் தடுப்பானிடம் காட்டிய பிறகுதான்.

அடுத்து, படி சரியான படிதானா என்று பார்க்க வேண்டும். இதற்கு விண்டோசிலேயே 'செர்ட்யூட்டில்' என்றொரு கட்டளை உள்ளது. கோப்பு முழுவதையும் படித்து, 64 குறிகள் கொண்ட ஒரு கைநாட்டைத் தரும். பென்டிரைவில் உள்ளதற்கும் மின்னஞ்சலில் வந்ததற்கும் அந்தக் கைநாட்டு ஒன்றாக இருந்தால், வழியில் ஒரு புள்ளியும் சிதையவில்லை என்று பொருள். கோப்பின் பெயர் இக்கணக்கில் சேராது. பெயர் மாறினாலும் கைநாட்டு மாறாது. தொலைபேசியில் பேராசிரியரும் நானும் அந்த 64 குறிகளையும் ஒப்பிட்டோம். ஒத்திருந்தன.

"இது படிக்கணக்குப் போல அல்லவா இருக்கிறது" என்றார் அவர். வியப்பாக இருந்தது, உண்மையும்கூட. திருவாய்மொழி உரைகளை ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று வழங்குகிறோம். 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. உரையின் பெயரே அதன் அளவு. ஏட்டைப் படியெடுத்து முடித்தவன் அளவு குறைந்தால் எங்கோ விட்டுவிட்டோம் என்று அறிந்துகொள்ளலாம். மூலமும் அவ்வாறே. திருவாய்மொழி முழுவதும் அந்தாதி; ஒரு பாசுரம் விழுந்தாலும் சங்கிலி அறுந்து ஓசையிலேயே தெரிந்துவிடும்.

*

படி சரி, பின்னொட்டும் சரியாயிற்று. இரட்டைச் சொடுக்கு. பிழை எண் 339: ஓர் உறுப்பு, அல்லது அது சார்ந்திருக்கும் உறுப்புகளுள் ஒன்று, முறைப்படி பதிவாகவில்லை, கோப்பு இல்லை, அல்லது செல்லாது.

இந்தச் செய்தியைக் கண்டதும் சாளரத்தை மூடிவிடுவதே நம்மில் பலருடைய வழக்கம். செய்தியை முழுமையாகப் படிப்பதுதான் பாதி மருத்துவம். தொகுக்கப்பட்ட நிரல் தனக்கு வேண்டிய அனைத்தையும் தன் வயிற்றில் சுமந்துகொண்டு வருவதில்லை. பொதுவான பல பணிகளுக்கு அது வெளியிலுள்ள நூலகக் கோப்புகளை நம்பியிருக்கிறது. விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998இல். அதன் அடிப்படை நூலகத்தை இன்றும் விண்டோசு தன்னுடன் வைத்திருக்கிறது. ஆனால் அட்டவணை காட்டும் கட்டுப்பாடு முதலிய ஓ.சி.எக்ஸ். கோப்புகளை நிரலை வழங்குபவர்தான் உடன் கொடுக்க வேண்டும். எழுதியவருடைய கணினியில் அவை எப்போதும் இருக்கும்; ஆகவே அவற்றைச் சார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமற் போகும். 'என் கணினியில் ஓடுகிறதே' என்னும் புகழ்பெற்ற மறுமொழி இந்த அறியாமையிலிருந்து பிறப்பது.

கடைக்காரர் 'தேவையில்லை' என்று விட்டுவந்த பழைய வன்தட்டைத் திரும்ப வாங்கினோம். அதன் அமைப்புக் கோப்புறையில் அந்த ஓ.சி.எக்ஸ். கோப்பு இருந்தது. எங்கோ ஓர் அயல் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதை இறக்கிப் போடுவதைவிட இதுவே பாதுகாப்பு. புதிய 64 பிட் விண்டோசில் 32 பிட் நூலகங்களுக்கு உரிய கோப்புறையில் வைத்து, 'ரெக்சர்வர்32' என்னும் கட்டளையால் பதிவு செய்ததும் பிழை 339 மறைந்தது. நிரல் இன்னும் பழையதாய், டாஸ் காலத்து 16 பிட் நிரலாய் இருந்திருந்தால் 64 பிட் விண்டோசு அதை ஏறிட்டும் பார்த்திராது. 'டாஸ்பாக்ஸ்' போன்ற போலிச் சூழலை நாட வேண்டியிருந்திருக்கும்.

பேராசிரியர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாதமுனிகளுக்கு வந்த பிழைச்செய்தியும் இதுதான்" என்றார்.

குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாறு அது. காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த அடியார் சிலர் குடந்தை ஆராவமுதன்மீது அமைந்த ஒரு பதிகத்தைப் பாடினர். பதிகத்தின் கடைசிப் பாசுரம், பாடியவர் பெயர், ஊர், இது ஆயிரத்துள் ஒரு பத்து என்பது ஆகிய மூன்றையும் சொல்லி முடிகிறது. மற்றவை எங்கே என்று நாதமுனிகள் கேட்டார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. குருகூர் வரை சென்று தேடியதன் பயனாகத்தான் நாலாயிரமும் கிடைத்தது என்பர்.

இதில் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஏட்டின் மேலட்டையில் மட்டும் பெயரும் தொகையும் எழுதப்பட்டிருந்தால், அட்டை போன அன்றே அந்தப் பத்தும் உதிரிப் பாடலாகியிருக்கும். பெயரும், ஊரும், எதன் பகுதி என்பதும் பாட்டின் உடலுக்குள்ளேயே இருந்தன. ஆகவே எந்த வாய்க்கு மாறினாலும், எந்த ஊருக்குப் பெயர்ந்தாலும், 'நான் முழுமையன்று. என் மீதியைத் தேடு' என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. சங்கத் தொகைகளிலும் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்னும் குறிப்பு நூலோடு சேர்ந்தே வந்தது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று இன்றும் நாம் வகுப்பில் சொல்ல முடிவது அதனால்தான். தொகுத்தல் என்னும் சொல்லைக் கணினிக்காரர்கள் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். தொகுத்தவன் குறிப்பெழுத வேண்டும் என்னும் வழக்கத்தையும் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

*

மூன்றாவது தடை பெயர். நிரல் இப்போது எழுந்தது. உடனே ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று சொல்லி விழுந்தது. செய்தியில் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

கோப்புறையை மீண்டும் நோக்கினேன். ஐ.என்.ஐ. என்னும் பின்னொட்டோடு, ஆங்கில எழுத்தில் ஏழெழுத்துப் பெயர் தாங்கிய சிறிய கோப்பு ஒன்று அநாதையாகக் கிடந்தது. "ஐயா, இந்த நிரலுக்கு முதலில் வேறு பெயர் இருந்ததா?" என்று கேட்டேன். "ஆமாம். அவன் ஏதோ ஆங்கிலத்தில் வைத்திருந்தான். தமிழ் நூலுக்கான கருவிக்கு ஆங்கிலப் பெயர் எதற்கென்று, புதிய கணினியில் நான்தான் சொல்லடைவு என்று மாற்றினேன்" என்றார்.

விஷுவல் பேசிக்கில் எழுதப்பட்ட நிரல் தன் சொந்தக் கோப்பின் பெயரைத் தானே கேட்டறிய முடியும். அந்த மாணவர், தன் பெயர் எதுவோ அதே பெயருடைய ஐ.என்.ஐ. கோப்பில் அமைப்புகளைத் தேடுமாறு நிரலுக்குச் சொல்லிவைத்திருந்தார். பெயர் மாறியதும் துணைக்கோப்பு கைவிடப்பட்டது. இவ்வழக்கம் அவருடையது மட்டுமன்று. டாட்நெட் நிரல்களுக்கும் அமைப்புக் கோப்பு நிரலின் பெயரையொட்டியே பெயர் பெறும். லினக்சில் 'பிசிபாக்ஸ்' என்னும் ஒரே நிரல், எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறதோ அந்தக் கருவியாகவே மாறி வேலை செய்யும். விண்டோசில் பெயருக்குள் 'செட்டப்', 'இன்ஸ்டால்' போன்ற சொல் இருந்தால், பழைய 32 பிட் நிரலை நிறுவி என்று கருதி நிர்வாகியின் இசைவைக் கேட்கும்.

நன்னூலார் பெயரை இடுகுறி என்றும் காரணப்பெயர் என்றும் பிரித்தார். கோப்புக்கு நாம் இடும் பெயரை இடுகுறி என்று எண்ணி மாற்றிவிடுகிறோம். நிரலுக்கோ அது பல நேரம் காரணப்பெயர். அதன்மேல் அதன் உறவுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

கேள்விக்குறிகளுக்கு வேறொரு காரணம். ஒருங்குறி பரவலாவதற்கு முன் எழுதப்பட்ட நிரல்கள், 8 பிட் குறிப்பக்கம் ஒன்றின் வழியாகவே கோப்புப் பெயர்களைப் படித்தன. விண்டோசில் தமிழுக்கு அப்படியொரு குறிப்பக்கம் ஒதுக்கப்படவேயில்லை. ஒருங்குறி மட்டுமே உண்டு. ஆகவே அத்தகைய நிரலுக்குத் தமிழ்ப் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாகவே தோன்றும். தமிழ்க் கருவிக்குத் தமிழ்ப் பெயர் வைத்ததே அதன் வாயை அடைத்தது என்பது எனக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது. பழைய பெயரை மீட்டுக்கொடுத்தோம். தமிழ்ப் பெயர் வேண்டுமானால் குறுக்குவழிச் சின்னத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன்.

அடுத்துப் பிழை எண் 76: பாதை இல்லை. தரவு டி டிரைவில் ஒரு குறிப்பிட்ட கோப்புறையில்தான் இருக்கும் என்று நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. புதிய மடிக்கணினியில் டி டிரைவே இல்லை. தரவைச் சி டிரைவில் வைத்து, 'சப்ஸ்ட்' கட்டளையால் அக்கோப்புறைக்கே டி என்று பெயர் சூட்டினோம். வீட்டைத் தூக்கிவந்து பழைய கதவெண்ணை மாட்டியது போல. கணினியை அணைத்தால் அப்பெயர் போய்விடும். ஒவ்வொரு முறையும் சூட்ட வேண்டும்.

நிரல் திறந்தது. தமிழுக்குப் பதிலாக மேலே புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள். அக்காலத்து 8 பிட் எழுத்துரு இல்லாததன் விளைவு அது. பழைய வன்தட்டில் எழுத்துருவும் கிடைத்தது. நிறுவியதும் பாசுரச் சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு பழுதுநீக்கும் குறிப்பாக நின்றிருக்கும்.

அடைவை மேலோட்டமாகப் பார்த்தபோது ஒரு பிழை தெரிந்தது. கெ, செ, தெ என்னும் எழுத்துகளில் தொடங்கும் சொற்களும், கொ, சொ, தொ என்பவற்றில் தொடங்குபவையும் தத்தம் மெய்யின் வரிசையில் நிற்காமல், ஒற்றைக்கொம்பின் கீழ் ஒரே கூட்டமாகக் கிடந்தன. பழைய 8 பிட் முறைகளில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். 'கொ' என்பது முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். வரிசைப்படுத்தும் நிரலுக்கு முதலெழுத்து கொம்புதான். பேராசிரியர் இதை அறிந்தே இருந்தார். "அவனிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆண்டுகள் போய்விட்டன" என்றார்.

அந்த மாணவருக்கு எழுதினோம். அயல்நாட்டில் இருக்கிறார். அன்போடு மறுமொழி அனுப்பினார். மூலநிரல் அவரிடம் இல்லை. வீடு மாறியபோது பழைய குறுந்தகடுகளோடு அதுவும் போயிற்று.

மூலநிரல் என்பது மனிதன் படிக்கும்படி எழுதப்பட்டது. தொகுப்பி அதை இயந்திரம் மட்டும் படிக்கும் எக்ஸியாக மாற்றுகிறது. எக்ஸியிலிருந்து மூலத்தை முழுமையாக மீட்பது, வார்த்த சிலையைப் பார்த்து மெழுகில் கைவைத்த வரிசையைச் சொல்வது போன்றது. எழுத்து வரிசைப் பிழையைக்கூட நாம் திருத்திக்கொள்ளலாம். தரவை வெளியே எடுத்து ஒருங்குறிக்கு மாற்றி மீண்டும் அடுக்கினால் தீரும். (ஒருங்குறியிலும் குறியெண் வரிசையை அப்படியே நம்பினால் னகரம் பகரத்துக்கு முன் வந்து நிற்கும் என்பது வேறு கதை.) ஆனால் ஒரு பாசுர அடியைச் சந்தி பிரித்து எந்தச் சொல்லை எந்த அடிச்சொல்லின் கீழ் வைப்பது என்பதற்கு ஆசிரியரும் மாணவரும் மாதக்கணக்கில் பேசி வகுத்த விதிகள் இருந்தன. அவை நிரலில் மட்டுமே இருந்தன. தரவில் முடிவுகள் உள்ளன. முடிவுக்கு வந்த வழி இல்லை.

குற்றத்தை மாணவர்மேல் ஏற்ற நான் விரும்பவில்லை. 2005இல் நான் ஆய்வு மாணவன். அந்த நிரலைக் குறுந்தகட்டில் படியெடுத்து இருபது பேருக்காவது கொடுத்தவன் நான். கொடுத்ததெல்லாம் எக்ஸி. 'மூலம் எங்கே?' என்று ஒரு முறையும் கேட்கவில்லை. ஓர் ஏட்டுச்சுவடியைக் கண்டால் மூலபாடம் எது, பாடபேதம் எது என்று மல்லுக்கு நிற்கும் தமிழ் மாணவனுக்கு, அடுத்த மேசையில் இருந்த கருவிக்கும் ஒரு மூலபாடம் உண்டு என்று தோன்றவில்லை. இருபது படிகள் இருந்தும் ஒன்றுகூட மூலமாகவில்லை.

*

திருவரங்கத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு முன்கதை உண்டு. பேராசிரியர்தாம் நினைவூட்டினார்.

நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி அருளினார். அதை நல்லெழுத்தில் படியெடுத்துத் தர ஒருவர் தேவைப்பட்டபோது நம்பூர் வரதரைக் காட்டினார்கள். நஞ்சீயர் உடனே ஏட்டைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதலில் முழுவதையும் ஒரு முறை பாடஞ்சொன்னார். பிறகே ஏட்டைத் தந்தார். வரதர் தம் ஊருக்குச் சென்று எழுதுவதற்காகக் காவிரியைக் கடக்கையில் வெள்ளம். ஏட்டுக்கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். அலை அடித்துக் கட்டு போயிற்று. இருந்தது ஒரே படி. வரதர் கலங்கினார், பிறகு, கேட்ட பாடத்தை நெஞ்சில் கொண்டு முழுவதையும் எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயங்களும் சேர்ந்தன. நஞ்சீயர் வாங்கிப் பார்த்து, தாம் எழுதாத நுட்பங்கள் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். வரதர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஆசிரியர் மகிழ்ந்து அவரை நம்பிள்ளை என்று அழைத்தார். அப்பெயரே நிலைத்தது.

சிறுவயதில் இக்கதையை ஆசாரிய பக்திக்கு எடுத்துக்காட்டாகக் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. ஏட்டைக் கொடுக்கும் முன் பாடத்தைக் கொடுத்தார் நஞ்சீயர். அதனால்தான் ஏடு போனபின்னும் உரை பிழைத்தது. திருத்தியவர் திருத்தத்தை ஒப்புக்கொண்டார். அதனால்தான் திருத்தம் களங்கமாகாமல் பெருமையாயிற்று. இன்று நாம் நிரல்களைப் பகிர்வதில் இவ்விரண்டையும் விட்டுவிட்டு ஏட்டுக்கட்டை மட்டும் தலையில் கட்டி ஆற்றில் இறக்கிவிடுகிறோம்.

மறுப்புகளை அறிவேன். மூலத்தைக் கொடுத்தால் உழைப்பு களவு போகும் என்பது ஒன்று. வணிகத்துக்காக எழுதுவோர் காத்துக்கொள்ளட்டும். பல்கலைக்கழக ஆய்வுக்கும், அறக்கட்டளைப் பணிக்கும், நண்பருக்கு உதவியாகவும் எழுதப்படும் தமிழ்க் கருவிகளில் களவு போக என்ன இருக்கிறது? அவற்றுக்குப் பகை களவன்று, மறதி. இரண்டாவது, எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துவிட்டால் எக்ஸியே வேண்டாமே என்பது. வழங்கியில் இருப்பதும் ஒரு வீட்டில் இருப்பதுதான். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது இலவச இடத்தை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்கள் உலகெங்கும் ஒரே நாளில் வீடிழந்தன. மூன்றாவது, பழைய கணினியையே போலிச் சூழலாக்கிப் பாதுகாக்கலாம் என்பது. பாதுகாக்கலாம், நாங்களும் செய்தோம். அது ஏட்டுக்கு எண்ணெய் பூசுவது. பூச வேண்டியதுதான், ஆனால் எண்ணெய் பூசிக்கொண்டே இருப்பது பதிப்பாகாது.

எழுத்துமுறைகளில் நாம் ஏற்கெனவே இப்பாடத்தைப் படித்தோம். ஏறத்தாழ எழுத்துரு நிறுவனத்துக்கு ஒரு குறியேற்றம் என்றிருந்த நிலையில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் முறைகள் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் ஏற்றது. இன்று ஒருவர் எழுதிய தமிழை எவரும் எங்கும் படிக்கலாம் என்றால், எழுத்தின் மூலம் எல்லாருக்கும் பொதுவானதால்தான். எழுத்துக்குச் செய்ததைக் கருவிக்கும் செய்ய வேண்டும்.

ஆகவே நண்பர்களுக்கு, சிறப்பாக ஆய்வு மாணவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். தமிழுக்கென்று ஒரு சிறு நிரலை எழுதினால் எக்ஸியை மட்டும் கையளிக்காதீர்கள். மூலத்தையும் அதே கோப்புறையில் வையுங்கள். எந்த மொழியில், எந்தப் பதிப்பில் எழுதியது, எந்த நூலகங்களும் எழுத்துருவும் வேண்டும், பெயரை மாற்றலாமா கூடாதா என்பவற்றை ஒரு பக்க உரைக்கோப்பாக ஒருங்குறியில் எழுதிவையுங்கள். உங்கள் பெயரையும் ஆண்டையும் அட்டையில் மட்டுமின்றி நிரலின் உள்ளேயும் பொறியுங்கள். தரவை எளிய உரையாக வெளியே எடுக்க ஒரு பொத்தான் வையுங்கள். கொடுப்பதற்கு முன், உங்களுடையதல்லாத ஒரு கணினியில் ஒரு முறை திறந்து பாருங்கள். வாங்குவோர் மூலத்தைக் கேட்டுப் பெறுங்கள், கேட்பது அவமதிப்பன்று.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. இப்போது என் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி, பைத்தான் கொஞ்சம் அறிந்தவள், சனிக்கிழமைதோறும் சத்திரத்திலிருந்து பேருந்தேறித் திருவரங்கம் போகிறாள். சந்திப் பிரிப்பு விதிகளைப் பேராசிரியர் மீண்டும் முதலிலிருந்து சொல்லிவருகிறார். முதல் நாளே மடிக்கணினியைத் திறந்தவளிடம், "அதை மூடி வை அம்மா. முதலில் ஒரு பத்தைப் பாடங்கேள். எழுதுவது அப்புறம்" என்றாராம். மூன்று மாதமாகிறது. இன்னும் ஒரு வரி நிரலும் எழுதப்படவில்லை. விதிகள் நாற்பது பக்க நோட்டில், அவள் கையெழுத்தில் இருக்கின்றன.